கடுகுக்கு வீடு தேடிக் கொடுத்தவர்கள்: ஐந்துக்கு மூன்றரை

நாயைத் தத்தெடுத்தவர்கள் எழுதுவதுதான் வழக்கம். கழுத்தில் ரிப்பன் கட்டிப் படம் எடுத்து "எங்கள் வீட்டுக்குப் புது வரவு" என்று போடுவார்கள். நான் கொடுத்தவன். கொடுத்தவர்கள் யாரும் எழுதுவதில்லை. வெட்கம்தான் காரணம், எனக்கும் அது இருக்கிறது. ஆனால் ஒரு நாய்க்கு வீடு தேடித் தரும் சேவையை எப்படி எடை போடுவது என்று நான் அலைந்த நாட்களில் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

சேவை செய்த குழுவின் பெயரைப் போடவில்லை. பாதிக் கட்டுரையில் அவர்களைத் திட்டப் போகிறேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெயர் வெளியே போனால் மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் நாலு நாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இதை அவர்களே சொன்னார்கள். சென்னைக்குத் தெற்கே இயங்குகிற, சம்பளம் வாங்காத பதினைந்து பேர் கொண்ட சின்னக் குழு. இவ்வளவு போதும்.

நாயைப் பற்றி முதலில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன மறுநாள், நான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் தண்ணீர் வடிந்த பிறகு, நின்றிருந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து எடுத்த குட்டி. இரண்டு மாதம் இருக்கும். நான் அப்போது டைம் கீப்பர். 1993இல், சென்னையின் அப்போதைய அரசு பஸ் நிறுவனமான பல்லவனில் கண்டக்டராகச் சேர்ந்து, கடைசிச் சில வருடங்கள் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதியவன். குட்டியைப் பார்த்த மெக்கானிக் ஒருவர் "என்ன சார், கடுகு சைஸ்ல இருக்கு" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

எட்டு மாதத்தில் கடுகு பதினெட்டுக் கிலோ ஆனாள். கால் நீளம், இடுப்பு ஒரு பிடி, நெஞ்சு மட்டும் ஆழம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போனபோது பயிற்சி டாக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சிப்பிப்பாறையோ கன்னியோ எங்கேயோ கலந்திருக்கலாம், பார்த்துச் சொல்வது உத்தேசம்தான்" என்றார். தெற்கே விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் முயல் விரட்ட வளர்த்த இனங்கள் அவை. மூக்கால் தேடுவதைவிடக் கண்ணால் பார்த்து ஓடுபவை. எதிரே ஒரு பூனையோ பறக்கும் பிளாஸ்டிக் பையோ அசைந்தால் போதும், காது அடைத்துக்கொள்ளும். நீங்கள் பெயர் சொல்லிக் கத்துவது யாருக்கோ.

எங்கள் வீடு சேலையூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 2025 பிப்ரவரியில் படியில் ஒரு பூனை குறுக்கே போக, கடுகு இழுத்த இழுப்பில் பதினோரு படி உருண்டேன். இடது மணிக்கட்டு முறிந்தது. முப்பத்தொரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றதில் முழங்கால் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. என் மனைவி அன்று எதுவும் சொல்லவில்லை. கட்டுப் போட்டு வந்த இரவு, "இது நம்ம வயசுக்கான பிள்ளை இல்லங்க" என்று மட்டும் சொன்னாள். கீழ்வீட்டுக்காரர் எளிய வழி ஒன்று சொன்னார்: "எடுத்த இடத்துலயே விட்டுடுங்க சார்." வீட்டு நாயைத் தெருவில் கைவிடுவது 1960ஆம் வருடச் சட்டத்திலேயே குற்றம் என்று அவருக்குப் பதில் சொன்னேன். சட்டம் இல்லாவிட்டாலும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அதைவிடச் சட்டத்தைச் சொன்னால் சிலர் சீக்கிரம் வாயை மூடுகிறார்கள்.

இனி சேவை. தெரிந்தவர் மூலமாக அந்தக் குழுவின் எண் கிடைத்தது. ஏப்ரலில் பேசினேன். போனை எடுத்தவன் நல்ல பையன், அவசரக்காரன். ஊசிப் புத்தகமும் கருத்தடைச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேட்டான். இரண்டும் இருந்தன. "அப்போ பிரச்சனையே இல்ல அங்கிள், ஒரு நல்ல போட்டோ அனுப்புங்க" என்றான். இங்கே என் தப்பும் இருக்கிறது. கடுகை நான் எடுத்த நாற்பது படங்களில் முப்பத்தொன்பது கலங்கலாக இருந்தன, அவள் நின்றால்தானே. தெளிவாக இருந்தது ஒன்றுதான், மதியம் மின்விசிறிக்கு அடியில் தூங்குகிற படம். அதை அனுப்பினேன். அடுத்த நாள் போஸ்டர் வந்தது: "அமைதியானவள். குழந்தைகளோடு நன்றாகப் பழகுவாள். அபார்ட்மெண்டுக்கு ஏற்றவள்."

குழந்தைகளோடு பழகுவாளா என்று என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் குழந்தையே இல்லை.

போஸ்டரைப் பார்த்து நாற்பது அழைப்புகள். மூன்றாம் நாளே நகரின் மறுகோடியில் ஒரு குடும்பத்துக்குப் போனாள். வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை, வீடியோ காலில் ஹாலைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் இரவு பத்தரை மணிக்கு ஆட்டோவில் திரும்பி வந்தாள். சோபாவின் ஒரு பக்கத்துப் பஞ்சு முழுக்க வெளியே வந்துவிட்டதாம். அது பரவாயில்லை. ஆறு வயதுப் பையன் பந்தோடு ஓட, இவளும் கூட ஓடி மேலே தாவ, பையன் விழுந்து தாடையில் இரண்டு தையல். கடிக்கவில்லை. அந்தத் தகப்பன் கோபமாகக்கூடப் பேசவில்லை. "போஸ்டர்ல வேற மாதிரி போட்டிருந்தாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். அந்தக் கயிற்றைவிட அந்த வாக்கியம் கனமாக இருந்தது.

ஒப்பந்தத்தாளில், நாய் ஒத்துவராவிட்டால் குழுவே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் யாரும் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் "ஷெல்டர் ஃபுல் அங்கிள், கொஞ்ச நாள் நீங்களே ஃபாஸ்டர் பண்ணுங்க" என்று ஒரு வாட்ஸாப் செய்தி, கூடவே கைகூப்பும் படம். ஃபாஸ்டர் என்றால் வீடு கிடைக்கும்வரை அடுத்தவர் நாயைத் தற்காலிகமாக வைத்து வளர்ப்பது; என் நாயை நானே ஃபாஸ்டர் பண்ணுவது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இதுவரைக்கும் மதிப்பெண் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஒன்று. அதுவும் குழுவின் அந்தப் பையன் ராத்திரி பகல் பாராமல் அடிபட்ட நாய்களைத் தூக்கப் போகிறவன் என்பதற்காக.

ஜூன் மாதம் அந்தக் குழுவிலிருந்தே வேறொரு பெண் அழைத்தாள். முப்பது வயது இருக்கும், ஏதோ கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம், "போஸ்டர் போடறதுக்கு முன்னாடி மூணு வாரம் வேணும் அங்கிள். கடுகு எப்போ என்ன பண்றான்னு நேரம் போட்டு எழுதித் தருவீங்களா?" என்றாள்.

ஒரு டைம் கீப்பரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். டிப்போவில் எழுதுவதுபோலவே நோட்டில் கோடு போட்டு இருபத்தொரு நாள் எழுதினேன். 4.40 விழிப்பு, கதவைப் பிறாண்டல். 5.05 முதல் நடை. 6.20 வரை வெறி. 7.00 சாப்பாடு. 7.30 முதல் மாலை 4.45 வரை தூக்கம், நடுவே தபால்காரருக்கும் காஸ் சிலிண்டருக்கும் குரைத்தல். 5.30 முதல் 7.00 வரை மறுபடி வெறி. எட்டு மணிக்குப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அந்தப் பெண் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாள் பூரா ஓடற நாய்னு நினைச்சோம். இவ ரெண்டு வேளைதான் ஓடறா" என்றாள். நான் எங்கள் பாஷையில் சொன்னேன்: பீக் ஹவர் சர்வீஸ். காலையில் ஒரு டிரிப், மாலையில் ஒரு டிரிப், நடுவில் வண்டி ஷெட்டில். அந்த இரண்டு டிரிப்பும் ரத்தானால்தான் சோபாவைப் பிய்க்கிறாள். நான் கொடுத்த நாற்பது நிமிட நடை அவளுக்கு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நின்று போகிற வண்டி மாதிரி. அவளுக்கு வேண்டியது எக்ஸ்பிரஸ்.

இது எனக்கு இருபது மாதம் தெரியாமல் போனதுதான் உறைத்தது. சுறுசுறுப்பான நாய் என்றால் பெரிய இடம் வேண்டும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். தோப்பு வைத்திருப்பவர் யாராவது கிடைக்க மாட்டாரா என்று உறவினர் கல்யாணத்தில்கூட விசாரித்திருக்கிறேன். அப்படி ஒருவர் கிடைத்தார். மதுராந்தகம் பக்கம் நாலு ஏக்கர், நல்ல மனிதர், நாயைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அந்தப் பெண் அவரிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "கோழி எத்தனை இருக்கு சார்?" அறுபது. மறுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வாரத்துல அறுபது ஐம்பதாகும் அங்கிள். ரெண்டாவது வாரத்துல இவளைச் சங்கிலியில கட்டுவாங்க. நாலு ஏக்கருக்கு நடுவுல அஞ்சடிச் சங்கிலி" என்றாள். யோசித்துப் பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை.

அவர்களுடைய படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்ததிலேயே நல்ல கேள்வித்தாள் அதுதான். வருமானம் எவ்வளவு, சொந்த வீடா என்று ஆரம்பிப்பதில்லை. வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் யார், எத்தனை மணிக்கு? நாய் ஒரு நாளில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? மதில் எத்தனை அடி? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், அவருடைய எண் என்ன? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் கடிதம் எங்கே? இதற்கு முன் வளர்த்த நாய் எப்படி இறந்தது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுவார்களாம். பொய் சொல்வது கடினமான கேள்வி.

குறையும் அதிலேயே இருக்கிறது. நாலு பக்கமும் ஆங்கிலம். செங்கல்பட்டிலும் சேலையூரிலும் நாய் கொடுக்கிறவர்கள் ஏன் தமிழில் ஒரு தாள் அடிக்கக் கூடாது? கேட்டேன். "டைப் பண்ண ஆள் இல்ல அங்கிள்" என்றார்கள். நான் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது போஸ்டரை அந்தப் பெண் எழுதி, போடுவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். படம் கலங்கல் படம்தான், வேண்டுமென்றே. "கடுகு நிற்க மாட்டாள். காலை 5 மணிக்கு உங்களை எழுப்புவாள். ஐந்தடிச் சுவரைத் தாண்டுவாள். கோழி, பூனை, சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்குத் தர மாட்டோம். இரண்டு வேளையும் ஓடவிட்டால் மீதி நேரம் இருக்கிற இடமே தெரியாது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் வருவார்கள்? முதல் போஸ்டருக்கு நாற்பது அழைப்பு. இதற்கு ஆறு.

ஆறில் ஒருவன் "முயல் பிடிக்குமா?" என்று கேட்டான். காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம் அந்தப் பெண். பழைய மாமல்லபுரம் சாலையில் பதினாலாவது மாடியில் இருக்கும் ஐடி தம்பதி, அன்பானவர்கள், வாரக் கடைசியில் கடற்கரைக்கு ஓடக் கூட்டிப் போவோம் என்றார்கள். வாரத்தில் மீதி ஐந்து நாள்? கொஞ்சம் வயதான, சாந்தமான நாயைக் காட்டி அனுப்பினாள். அந்த நாய்க்கும் அன்றே வீடு கிடைத்தது, அது வேறு கதை.

கடைசியில் வந்தது செங்கல்பட்டுக்கு அருகே ஒரு குடும்பம். முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. சின்ன வீடு. பின்னால் ஆறு அடிச் சுவரோடு ஒரு காலி இடம், மொத்தம் இரண்டு சென்ட் இருந்தால் அதிகம். அப்பா பால் பாக்கெட் போடுகிறவர், மூன்றரைக்கு எழுந்து ஆறரைக்கு வீடு திரும்புவார். அம்மா வீட்டிலேயே தையல். மகன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று தினம் காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறான். மைதானத்தைச் சுற்றி மதில், இரும்புக் கேட். தலைமையாசிரியரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தான். கேட்காமலே.

நான் என் நோட்டையும் அவர்கள் வீட்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருடத்தில் இரண்டு ஷெட்யூல் இப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. வீட்டுக்கே நேரில் போனாள், நானும் போனேன். சுவரை டேப் வைத்து அளந்தாள். மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் படிக்கட்டு சுவரை ஒட்டி இருந்ததைப் பார்த்து, அங்கே ஒரு தடுப்புப் போடச் சொன்னாள். தையல் மிஷினுக்குக் கீழே விழும் ஊசியும் நூலும் நாய் வயிற்றுக்குள் போனால் ஆபரேஷன்தான் என்று அந்த அம்மாவிடம் விளக்கினாள். அப்புறம் மகனைப் பார்த்து, "வேலை கிடைச்சு டிரெயினிங் போயிட்டா யார் ஓட வெப்பாங்க?" என்றாள். அவன் விழித்தான். நல்ல கேள்வி, எனக்குத் தோன்றாத கேள்வி. அப்பாதான் பதில் சொன்னார்: "மூணரைக்கு எழுந்திரிக்கிறவன் நான் இருக்கேன்மா. அதோட சின்னவ இருக்கா. அவளும் அடுத்த வருஷம் அதே பரீட்சைதான்." உள்ளே படித்துக்கொண்டிருந்த பெண் தலையை நீட்டி, "நான் அண்ணனைவிட வேகமா ஓடுவேன்" என்றாள்.

ஆகஸ்டில் கொண்டுபோய் விட்டோம். பதினைந்து நாள் சோதனைக் காலம், அதுவரை கையெழுத்தில்லை. முதல் மூன்று நாள் மைதானத்துக்குப் போகக் கூடாது, வீட்டுக்குள்ளும் பின்பக்கமும் மட்டும்தான், வீட்டு வாசனை பழகட்டும் என்றாள். மைதானத்திலும் முதல் மாதம் நீளக் கயிறு. இது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. தத்துப் போன நாய்கள் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் ஓடித் தொலைகின்றன, புது வீடு எது என்றே அவற்றுக்குத் தெரியாத நாட்கள் அவை. என் பழைய யூனிஃபார்ம் சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொடுக்கச் சொன்னாள், படுக்கையில் போட. நான் ஒரு மாதத்துக்கு வரக் கூடாது என்றாள். அது மட்டும் கொஞ்சம் கசந்தது.

மூன்று நாள் ஓடாமல் எப்படி அடக்குவது என்றால், அதற்கும் ஒரு வழி சொல்லித் தந்திருந்தாள். பழைய வேட்டியில் ராகி பிஸ்கட்டை உடைத்துப் போட்டுச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுப்பது. மூக்கால் தேடிப் பிரித்து எடுக்க இருபது நிமிடம் ஆகும், பிறகு கண் சொருகும். என்னிடமே இதை ஒன்றரை வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டு மிதியடிகள் பிழைத்திருக்கும்.

பணம்: நாய்க்கு ஒரு பைசா வாங்கவில்லை, எந்தப் பக்கத்திலும். வண்டி வாடகை 1,800 நான் கொடுத்தேன். நன்கொடையாக இரண்டாயிரம் கொடுத்தேன், ரசீது கேட்டேன், இன்னும் வரவில்லை. கண்டக்டராக இருந்தவனுக்கு டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்கினால் உடம்பு கூசும். இதற்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். போன் எடுக்காததற்கு அரை, அந்த முதல் போஸ்டருக்கு அரை. ஒன்றரை போனால் மூன்றரை. முதல் போஸ்டருக்கு இன்னும் குறைக்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். தையல் போட்ட பையனின் அப்பா எழுதினால் குறைப்பார், நியாயமும் அதுதான்.

அவர்களிடம் போகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பெண் கையில் உங்கள் விண்ணப்பம் போனால் தாமதமாகும். எனக்கு ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் ஆனது. வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சம்பளம் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டா வர முடியும்? பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது மூன்றே நாளில் முடித்துத் தருகிறேன் என்றால்தான் பயப்பட வேண்டும்.

அக்டோபரில் போய்ப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் வேலை பார்த்தவன், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித்தான் போனேன், சிரிக்க வேண்டாம். நாலரை மணிக்குக் கேட்டைத் திறந்ததும் வந்தாள். என்னைச் சுற்றி மூன்று வட்டம், முழங்காலைப் பார்த்து மோதாமல் வட்டம். அப்புறம் என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். விலா தெரிகிற இடத்தில் சதை ஏறியிருந்தது. அந்த அம்மா டீ கொடுத்தார், மிஷினுக்குக் கீழே ஒரு பலகைத் தடுப்பு, சொன்ன மாதிரியே. சட்டை இன்னும் படுக்கையில் இருந்தது, பாதி கிழிந்து.

ஐந்தே முக்காலுக்கு உள்ளே அந்தப் பையன் ஷூ மாட்டும் சத்தம் கேட்டது. கடுகின் காது நிமிர்ந்தது. மடியிலிருந்து தலையை எடுத்தாள். கேட்டுக்குப் போய் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், நம்மைத் தேடினாளா என்று. தேடினாள் என்றேன். ஐந்தே முக்கால் வரைக்கும்.